மேட்டில் மிதித்த பிரேக்

குரு என்றால் நரைத்த தாடி இருக்கணும், சிஷ்யன் என்றால் மீசை முளைக்காமல் இருக்கணும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கதையை இப்போதே மூடி வைத்துவிடலாம். இதில் குருவுக்கு வயது முப்பத்தாறு. பெயர் மகுடேஸ்வரி. சிஷ்யருக்கு நாற்பத்தெட்டு. பெயர் நல்லசிவம். பல்லடத்தில் விசைத்தறி வைத்திருக்கிறார், பதினாறு வருடமாக ரேலிப் பந்தயத்தில் கார் ஓட்டுகிறார்.

ரேலிக் காரில் இரண்டு பேர் போவார்கள். வலது சீட்டில் ஓட்டுகிறவர், இடது சீட்டில் நேவிகேட்டர். போட்டிக்கு முதல் நாளே இருவரும் ரோட்டில் மெதுவாகப் போய்ப் பார்த்து, எங்கே வளைவு, அது எவ்வளவு கூர்மை என்பதற்கு ஒரு நம்பர், அடுத்ததுக்கு எத்தனை மீட்டர், எங்கே மேடு, எங்கே முழு வேகம் என்று ஒரு புத்தகத்தில் எழுதிக்கொள்வார்கள். அதற்கு நோட்ஸ் என்று பெயர். போட்டியில் நேவிகேட்டர் குனிந்த தலை நிமிராமல் அதைப் படிக்கணும். ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாத ரோட்டையும் காதால் கேட்டு ஓட்டணும்.

மகுடேஸ்வரி பன்னிரண்டு வருடம் இடது சீட்டில் உட்கார்ந்து பழம் தின்று கொட்டை போட்டவர். இப்போது ஓட்டுகிறவர்களே அவரிடம் வந்து பழகுகிறார்கள். எல்லோருக்கும் அவர் டீச்சர். பெரியவர் சின்னவர் பேதம் கிடையாது, யார் தப்புச் செய்தாலும் ஒரே திட்டுத்தான்.

அன்றைக்கு இரண்டு மெக்கானிக்குகளோடு இரண்டு கார்களைச் சோதனை ஓட்டம் விட உடுமலைக்குத் தெற்கே ரத்தினசபாபதியின் காட்டுக்கு வந்திருந்தார்கள். காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை. கோயமுத்தூர்ப் பக்கம் மானாவாரி நிலத்துக்குத்தான் காடு என்று பெயர். நடுவில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு இடையில் நாலரைக் கிலோமீட்டர் மண் ரோடு. கேட்டைப் பூட்டிவிட்டால் ஒரு மாடுகூடக் குறுக்கே வராது. கார்களும் ரத்தினசபாபதியுடையவைதான். பிடித்த ஜோடிக்குப் போட்டியில் ஓட்டக் கார் கொடுக்கிறவர் அவர்.

ஒன்று நாற்பது வருடத்துக் கார். பெட்டி மாதிரி உடம்பு, கடுகு நிறம். ஸ்டியரிங்கைத் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இன்னொன்று போன வருடம் வந்தது. நாலு சக்கரமும் இழுக்கும். சீட்டுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி வேறு. எந்த இடத்தில் எவ்வளவு வேகம், எந்த இடத்தில் எவ்வளவு பிரேக் என்று எல்லாவற்றையும் அது பதிந்து வைத்துவிடும்.

நல்லசிவம் இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு டீச்சரிடம் வந்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணுங்க."

"கேளுங்ணா."

"பயம் போகறதுக்குப் பழைய கார் நல்லதுங்களா, புதுக் கார் நல்லதுங்களா?"

"உங்களுக்கு எது புடிக்குது?"

"பழசுங்க."

"ஏனுங்ணா?"

"கைக்குப் பழகினது."

அது பாதி உண்மை. அந்தக் கறுப்புப் பெட்டியை நினைத்தாலே அவருக்கு ஆகவில்லை. ஏன் என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

டீச்சர் பழைய காரின் கதவைத் திறந்தார். ஆனால் வலது பக்கம் போய்த் தானே உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க இடது பக்கம் ஏறுங்க. இன்னிக்கு நீங்க படிக்கறீங்க, நான் ஓட்டறேன்."

"நானுங்களா? பதினாறு வருசத்துல அந்த சீட்டுல நான் உக்காந்ததே இல்லைங்க."

"அதான் உக்காரச் சொல்றேன்."

நல்லசிவத்தின் பயத்துக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு போட்டியில், இதே மாதிரி ஒரு பழைய காரில், மறுபக்கம் தெரியாத ஒரு மேட்டில் ஏறினார். பக்கத்தில் நோட்ஸ் படித்தது அவருடைய மச்சினன் தீர்த்தகிரி. மனைவி சுலோசனாவின் தம்பி. ஒரே காரில் பதினொரு வருட ஜோடி. மேட்டு உச்சியில் கார் பின்பக்கமாகச் சுழன்று, இடது கதவோடு ஒரு வேப்பமரத்தில் மோதியது. தீர்த்தகிரியின் இடது கை இரண்டு இடத்தில் முறிந்தது. உள்ளே இரும்புத் தகடு வைத்துத் தைத்தார்கள். நல்லசிவத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை.

என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். நோட்ஸ் தப்பு என்றார் நல்லசிவம். இரண்டே சொல். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்து சுலோசனா, "உன் கவனம் எங்கடா இருந்துச்சு, என் தாலி போயிருக்குமே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள்தான். பொங்கலுக்குக்கூட அவனைக் கூப்பிடவில்லை.

தீர்த்தகிரி அதற்குப்பிறகு காரில் ஏறவே இல்லை. ரத்தினசபாபதியோ பிடிவாதக்காரர். "நீங்க ரெண்டு பேரும் ஜோடியா வந்தா இந்த வருசத்துக்குக் கார் தரேன். தனித்தனியா வந்தா வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். இன்றைக்கு மூன்று மணிக்குத் தீர்த்தகிரி வருவதாக டீச்சரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். வந்து பார்க்கிறேன் என்றுதான் சொன்னாராம். ஏறுகிறேன் என்று சொல்லவில்லை.

மச்சினனுக்குத் தன்மேல் கோபம், அதனால்தான் ஏறமாட்டேன் என்கிறான். நல்லசிவம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் டீச்சரும் நல்லசிவமும் ரோட்டை மெதுவாகச் சுற்றி வந்தார்கள். நல்லசிவம் நோட்ஸ் எழுதினார். டீச்சர் அதை வாங்கிப் பார்த்தார்.

"இது என்னங்ணா, வரிக்கு வரி ஜாக்கிரதை, ஜாக்கிரதைன்னு எழுதியிருக்கீங்க?"

"இருக்கட்டுமேன்னு எழுதினேங்க."

"ரோட்டுல இருக்கறதை எழுதுங்க. வயித்துல இருக்கறதை எழுதாதீங்க."

நல்லசிவம் திரும்பவும் எழுதினார். நடுவில் ஒரு மேடு இருந்தது. இரண்டு பக்கமும் உழுது போட்ட வெறும் காடு, ஒரு செடிகூடக் கிடையாது. மறுபக்கம் இறங்கி நடந்து பார்த்துவிட்டு வந்து எழுதினார். நூறு மீட்டர், மேடு, முழு வேகம், இடது ஒட்டி. டீச்சர் தலையாட்டினார்.

ஹெல்மெட் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வலது சீட்டில் சிங்கமாக இருந்த மனுசனுக்கு இடது சீட்டில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ரோட்டைப் பார்த்தால் வரி தவறியது. வரியைப் பார்த்தால் ரோடு எங்கே போகிறது என்று தெரியவில்லை. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் வேர்த்து ஊற்றிவிட்டது.

"தலையைக் குனிங்கண்ணா" என்று காதுக்குள் டீச்சர் குரல் வந்தது. "ரோட்டை நான் பாத்துக்கறேன்."

குனிந்தார். படித்தார். இடது நாலு. ஐம்பது. வலது மூணு, உள்ள வெட்டாதீங்க. டீச்சர் சொன்னபடி ஓட்டினார். கொஞ்ச நேரத்தில் குரல் நிலைக்கு வந்தது. அட, பரவாயில்லையே என்றுகூட நினைத்தார்.

"நூறு. மேடு. முழு வேகம். இடது ஒட்டி."

கார் ஏறியது. உச்சியில் வயிறு மேலே வந்த அந்த நொடியில் பெல்ட் நெஞ்சை இறுக்கியது. பின்பக்கம் சுழன்றது. ரோட்டை விட்டு இறங்கி, உழுத மண்ணில் அரை வட்டம் அடித்து, புழுதிக்குள் நின்றது. டீச்சர் பாதி வேகத்தில்தான் ஏறியிருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

மெக்கானிக்குகள் இரண்டு பேரும் ரத்தினசபாபதியும் ஜீப்பில் ஓடி வந்தார்கள்.

"என்னாச்சுங்க டீச்சர்?"

"ஒண்ணுமில்லை. அண்ணன் நோட்ஸைத் தப்பாப் படிச்சுட்டாரு."

நல்லசிவம் திகைத்துப் போனார். பெல்ட் ஏன் இறுக்கியது என்று பதினாறு வருடம் ஓட்டிய உடம்புக்குத் தெரியாதா என்ன. பிரேக்கை மிதித்தது டீச்சர்.

"நான் சரியாத்தானுங்க படிச்சேன்."

டீச்சர் ஹெல்மெட்டைக் கழற்றி மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இடது ஒட்டின்னு சொன்னேனுங்க. முழு வேகம்னு சொன்னேன்."

மெக்கானிக்குகளில் ஒருவன் அவர் தோளைத் தொட்டான். "விடுங்ணா. புது சீட்டு, முதல் தடவை. எல்லாருக்கும் ஆகறதுதான்."

அந்த ஆறுதல்தான் அவருக்கு எரிந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். காருக்குள் இருந்தது அவரும் டீச்சரும் மட்டும். சாட்சி யார்? இது பழைய கார், பெட்டியும் கிடையாது. ஓட்டினவர் வாயில் வந்ததுதான் ஊருக்கு உண்மை.

நிழலுக்குப் போட்டிருந்த கூடாரத்துக்குக் காரை ஓட்டி வந்தார்கள். டீ வந்தது. நல்லசிவம் டீயைத் தொடவில்லை. ஒரு டயர் மேல் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார். நூறு, மேடு, முழு வேகம், இடது ஒட்டி. சரியாகத்தான் இருந்தது. மூடினார். வாயில் என்ன வந்தது? இடது என்றுதானே வந்தது. திரும்பத் திறந்தார். முந்தின வரியைப் படித்துத் தொலைத்தோமா? பக்கம் ஒட்டிக்கொண்டதா? விரலால் தடவிப் பார்த்தார். ஒட்டவில்லை. மூடினார். நூறு மீட்டர் என்று எழுதினோமே, எண்பதாக இருந்தால்? அவருக்கே இப்போது சந்தேகமாக இருந்தது.

அரை மணி கழித்து டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க? பிரேக்கை நீங்கதான மிதிச்சீங்க?"

"நிச்சயமாத் தெரியுமா?"

நல்லசிவம் வாயைத் திறந்தார். ஆமாம் என்று உடனே வரவில்லை. அவருக்கே அது அதிர்ச்சியாக இருந்தது.

"தெரியும்னுதான் நினைக்கறேன்" என்றார்.

"புத்தகத்தை எத்தனை தடவை பாத்தீங்க?"

"ஏழெட்டுத் தடவை இருக்குங்க."

"அரை மணி நேரத்துல ஏழெட்டுத் தடவை" என்றார் டீச்சர். "தீர்த்தகிரி எட்டு மாசமாப் பாத்துக்கிட்டிருக்காரு."

நல்லசிவம் நிமிர்ந்தார்.

"மாசி மாசம் எங்கிட்ட வந்தாரு. அந்தப் போட்டி நோட்ஸைக் கையில வச்சிருந்தாரு. பிரிச்சுப் பிரிச்சுத் தாளெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு. எங்க தப்பு பண்ணினேன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேட்டாரு. எனக்குத் தெரியலைன்னுட்டேன். நான் அந்தக் கார்ல இல்லையே."

"எம்மேல கோபமுன்னு நினைச்சேனுங்க."

"உங்க பேச்சையே அவர் எடுக்கலை. மறுபடியும் தப்பாப் படிச்சு இன்னொருத்தரைக் கொன்னுடுவேனுங்கற பயத்துலதான் கார்ல ஏறமாட்டேங்கறாரு."

நல்லசிவம் தன் பயத்தைப் பற்றி எட்டு மாதம் ஊரெல்லாம் பேசியாகிவிட்டது. அவனுக்கும் ஒரு பயம் இருக்கும் என்று ஒரு நாள் நினைத்ததில்லை. வெட்கமாக இருந்தது. ஓ என்று அழணும் போல இருந்தது.

"என் கால்தானுங்க" என்றார். "உச்சியில என் கால் தன்னால பிரேக்குக்குப் போயிருச்சு. அவன் சரியாத்தான் படிச்சான்."

டீச்சர் எழுந்தார். நேராக மெக்கானிக்குகளிடம் போனார். ரத்தினசபாபதியும் அங்கேதான் நின்றிருந்தார்.

"அப்ப மேட்டுல பிரேக் மிதிச்சது நானு. அண்ணன் சரியாத்தான் படிச்சாரு. உங்ககிட்ட நான் பொய் சொல்லிட்டேன்."

"அட, அவ்வளவுதானுங்களா" என்றான் ஒருவன். இன்னொருவன் சிரித்தான். ரத்தினசபாபதி மட்டும் டீச்சரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீயைக் குடித்தார். நல்லசிவம் இதையெல்லாம் டயர் மேல் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. தீர்த்தகிரி. இடது கை முழுசாக நீளவில்லை, முழங்கையில் கொஞ்சம் மடங்கியே இருந்தது. அந்தக் கையால் ஒரு புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

நல்லசிவம் எழுந்து நடந்தார். எல்லோரும் நின்ற இடத்துக்குத்தான் நடந்தார். தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லலாமா என்று நடுவழியில் ஒரு ஆசை வந்தது. ஊரைக் கூட்டிப் பொய்யைச் சொல்லிவிட்டு மெய்யை மட்டும் காதோடு சொல்வதா என்று அதை விட்டுவிட்டார்.

"வா மாப்ளே."

"வரேன் மச்சான். அக்கா சௌக்கியங்களா?"

அந்த ஒரு விசாரிப்பு நல்லசிவத்தைப் பிடித்து உலுக்கியது. இதற்குமேல் தள்ளிப்போட்டால் வாய் வராது என்று பட்டது.

"மாப்ளே, உன் நோட்ஸ்ல தப்பு இல்லை. நான்தான் மேட்டுல பிரேக்கை மிதிச்சேன். பயந்துட்டேன். அப்புறம் அதைச் சொல்லவும் பயந்து உன் மேல போட்டுட்டேன்."

மெக்கானிக்குகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தீர்த்தகிரி கோபப்படவில்லை. புத்தகத்தைத் திறந்தார். அந்தப் பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை, தானாகப் பிரிந்தது.

"நூத்தி இருபதுன்னு எழுதியிருக்கேன். சரிங்களா?"

"சரிதான் மாப்ளே."

"மேடு. முழு வேகம்?"

"சரிதான்."

"இடது ஒட்டி?"

"எல்லாம் சரி. நேரத்துக்குச் சொன்னே. தெளிவாச் சொன்னே. என் காதுல விழுந்துச்சு."

தீர்த்தகிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். புத்தகத்தை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். முப்பத்தொன்பது வயது ஆம்பிளை, மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவர், நாலு பேர் பார்க்கிறார்களே என்று நினைக்காமல் அழுதார். நல்லசிவம் எதிரே குந்தினார். தொடலாமா என்று தெரியவில்லை. தொடாமல் இருந்தார்.

"ஒரு வார்த்தை மச்சான்" என்றார் தீர்த்தகிரி கடைசியில். "ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கடையில ஒரு மோட்டாரைக் கட்டி முடிச்சா நாலு தடவை பிரிச்சுப் பாக்கறேன். என் கை மேல எனக்கே நம்பிக்கை போயிருச்சு. கை ஒடிஞ்சதைக்கூட நான் பெருசா நினைக்கலை."

"தெரியாம இருந்துட்டேன்டா."

"அக்கா எங்கிட்டப் பேசறதில்லை."

நல்லசிவம் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தினார். தீர்த்தகிரி கையை நீட்டித் தடுத்தார்.

"ஃபோன்ல வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய் நேர்ல சொல்லுங்க. நானும் வரேன்."

"உங்கக்கா என்னைச் சும்மா விடமாட்டா."

"விடாட்டி நல்லதுதான். நானும் பாக்கணும்" என்றார் தீர்த்தகிரி. ஈரக் கண்ணோடு லேசாகச் சிரிப்பும் வந்தது.

ரத்தினசபாபதி தொண்டையைச் செருமினார். கார் விஷயம் என்ன என்று கேட்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. டீச்சர் அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிக்கொண்டார்.

தீர்த்தகிரி எழுந்து வேட்டி மண்ணைத் தட்டினார். இரண்டு கார்களையும் பார்த்தார். புதுக் கார் பளபளவென்று நின்றது. அதைத் தாண்டி நடந்தார். பழைய காரின் இடது கதவைத் திறந்து, மடங்கிய கையைக் கவனமாக உள்ளே கொண்டுபோய் உட்கார்ந்தார். காலையில் நல்லசிவம் எழுதிய புத்தகம் அங்கே கிடந்தது. எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஓரிடத்தில் பென்சிலால் எதையோ திருத்தினார்.

மெக்கானிக் வந்து பெல்ட்டை மாட்டிவிட்டான். யாரும் யாரையும் ஏறச் சொல்லவில்லை.

நல்லசிவம் வலது கதவுவரை போய்விட்டார். கதவைத் திறந்தார். ஏறவில்லை. திரும்பி டீச்சரிடம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், பயம் போகலைங்க."

"போகாதுங்ணா."

"மேட்டுல மறுபடியும் என் கால் தன்னால பிரேக்குக்குப் போயிருச்சுன்னா?"

டீச்சர் அவர் கையில் ஹெல்மெட்டைக் கொடுத்தார்.

"போனா, போயிருச்சுன்னு சொல்லிருங்க."